பட்டம் கட்டுவது கலையா, விளையாட்டா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பட்டம் கட்டப் பழகிய கை, இப்போது வெள்ளவத்தையில் ஒரு மொட்டைமாடியில் கோல் சீவிக்கொண்டிருக்கிறது. மாடிக்கு வருகிறவர்களும், காலிமுகத்திடலில் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்களும், கண்காட்சிக்கு எதையாவது செய்ய நினைக்கிற ஓவிய மாணவர்களும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலதுக்கு ஒரு வரி போதும்.

பட்டம் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். அதை நவீன கலை என்று சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா?

இரண்டுமாக இருக்கலாம். பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணில்தான் சிற்பியும் வேலை செய்கிறார்.

பட்டத்தைத் தங்கள் முதன்மை ஊடகமாக எடுத்துக்கொண்ட கலைஞர்கள் நிறையப் பேர். ஓவியர் ஆன்றி மத்தீஸின் பேத்தி ஜாக்கி மத்தீஸ் (1931–2021) பல பத்தாண்டுகள் பட்டமும் நீண்ட வால்களும் செய்தார். தண்ணீருக்கு அடியில் மிதக்கும் பட்டங்கள்கூட அவரிடம் இருந்தன. 1980களின் இறுதியில் ஒசாகாவிலிருந்த ஜெர்மன் கலாசார நிலையம் பல நாட்டு ஓவியர்களிடம் படம் கேட்டு வாங்கி, ஜப்பானியப் பட்டக்காரர்களைக் கொண்டு அவற்றைப் பறக்கும் பட்டங்களாக்கியது. மெக்சிகோவில் 2014இல் 43 மாணவர்கள் காணாமல் ஆக்கப்பட்டபோது, ஒஹாக்கா நகரத்து ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோ அவர்களின் முகங்களைப் பட்டங்களில் பதித்து ஏற்றினார். நம் நாட்டிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார் தெருவில் இருக்கிறார்கள். அந்த 43 பட்டங்கள் என்ன சொல்லின என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. வெளிநாட்டில் ஓவியர் செய்தால் கலை, வல்வெட்டித்துறையில் மீனவர் வீட்டுப் பொடியன் செய்தால் பொழுதுபோக்கு என்ற பிரிப்பை நான் ஏற்பதில்லை. தைப்பொங்கலன்று அங்கே ஏறுகிற சில பட்டங்களைக் கொழும்பு 7இல் எந்தக் காட்சிக்கூடத்திலும் கூச்சமில்லாமல் வைக்கலாம்.

நல்ல ஓவியம் ஒன்றைப் பட்டத்தில் வரைந்துவிட்டால் அது கலைப் பட்டம் ஆகிவிடுமா?

ஆகாது. ஓவிய மாணவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் இதுதான். கடையில் வாங்கிய பட்டத்தில் அக்ரிலிக் வண்ணத்தால் மயில் வரைந்து கொண்டுவருவார்கள். மேசையில் அழகாக இருக்கும். மேலே போனால் கருப்புத் துண்டு.

காரணம் மூன்று. முதலாவது வெளிச்சம். சுவரில் இருக்கும் ஓவியத்தின் மேல் வெளிச்சம் விழுகிறது, பட்டத்துக்குப் பெரும்பாலும் வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது. தடித்த வண்ணம் ஒளியை மறைக்கும். மெல்லிய வண்ணத் தாளை, நாங்கள் ரிசுப் பேப்பர் என்கிறோமே அதை, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் மஞ்சளும் நீலமும் சேர்ந்த இடம் பச்சையாக எரியும். ஒட்டின விளிம்பே கோடாகிவிடும்.

இரண்டாவது பாரம். ரிசுப் பேப்பர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம். போட்டோக்கொப்பிக் கடைத் தாள் 80 கிராம். நான்கு மடங்கு வித்தியாசம். அதற்கு மேல் வண்ணமும் பூசினால் பட்டம் ஏறுவதற்கு வழியே இல்லை.

மூன்றாவது தூரம். நல்ல பார்வை உள்ளவருக்கும் 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் இருக்கும் இரண்டு கோடுகள் ஒன்றாகத்தான் தெரியும். மயிலின் இறகில் நீங்கள் மினக்கெட்டு இழுத்த மயிர்க்கோடெல்லாம் வீண். பெரிய வடிவம், பெரிய நிறம், அசைவு, இந்த மூன்றும்தான் மேலே போய்ச் சேரும்.

ஆகவே பட்டத்தின் மேல் படம் வரைவது ஒரு வேலை, பட்டத்தையே படமாக யோசிப்பது இன்னொரு வேலை. வெளிக்கோடு, கோல் போகிற பாதை, தாள் பொருந்துகிற விளிம்பு, வால் ஆடுகிற விதம், இவையெல்லாம்தான் இங்கே தூரிகை.

காலையிலும் மாலையிலும் ஒரே பட்டம் வேறு வேறாகத் தெரிகிறதே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ஓகஸ்ட் மாதம் காலிமுகத்திடலில் காற்று தென்மேற்கிலிருந்து, கடலிலிருந்து வருகிறது. நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்பீர்கள், பட்டம் காலி வீதிப் பக்கம் நிற்கும். மாலையில் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம். பட்டத்தின் முகத்தில் நேரே வெளிச்சம் விழுகிறது, மெல்லிய தாள் வெளிறிப் போகும். காலையில் வெயில் அந்தப் பக்கம் இருந்து வருவதால் அதே தாள் ஒளிவிடும்.

வல்வெட்டித்துறையில் தை மாதம் இது தலைகீழ். வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, கடற்கரையில் நின்று ஏற்றினால் பட்டம் தென்மேற்கே போகும், பிற்பகல் வெயிலும் அங்கேதான் இருக்கும். பட்டத்துக்குப் பின்னால் சூரியன். அங்கே மெல்லிய தாள் நன்றாக எடுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கொழும்பு மாலைக்குக் கட்டுகிறவர்கள் அழுத்தமான நிறத்தை எடுங்கள், சில இடத்தில் தாளை இரட்டையாக ஒட்டுங்கள்.

மரபு மரபு என்கிறீர்கள். எந்த மரபு?

எனக்குத் தெரிந்தது யாழ்ப்பாணத்து மரபு. கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், வெளவால் பட்டம், கொடிப் பட்டம், பாம்புப் பட்டம், பெட்டிப் பட்டம் என்று எத்தனையோ. பிராந்து என்பது பருந்து, கொழும்பு வாசகருக்காகச் சொல்லிவைக்கிறேன். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கிற பட்டத் திருவிழாவில் இந்தப் பழைய உருவங்களோடு கப்பல், விமானம், நடக்கிற மனிதர் என்று என்னென்னவோ எழும்பும். காற்றில் ஏறிய பிறகு பொறியால் வாய் திறக்கிற, கை அசைக்கிற பட்டங்களும் உண்டு.

பட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால், பெட்டிப் பட்டம் நம்முடைய பழைய சொத்து அல்ல. அவுஸ்திரேலியாவில் லோரன்ஸ் ஹார்கிரேவ் 1893இல் உருவாக்கிய வடிவம் அது. அடுத்த ஆண்டே அப்படியான பட்டங்களைக் கோர்த்துத் தன்னையே தரையிலிருந்து தூக்க வைத்தார். உலகம் சுற்றி நம் ஊருக்கும் வந்து, இப்போது யாரும் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. எந்த உருவம் பழையது என்ற விசாரணையை விட, ஒருவர் எப்படித் தீர்மானம் எடுக்கிறார் என்பதில்தான் மரபு இருப்பதாக எனக்குப் படுகிறது. கோலை விரலில் வைத்து நடுப் பார்ப்பது, பாரமான பக்கத்தைச் சீவுவது, முச்சையில், அதாவது பட்டத்தைப் பறக்கவிடும் நூலோடு சேர்க்கிற நூல்களில், தூக்கிப் பிடித்துச் சரிவு பார்ப்பது. இதைப் பழகாமல் மரபு வடிவத்தை மட்டும் நகலெடுத்தால் சுவர் அலங்காரம்தான் கிடைக்கும்.

விண் என்றால் என்ன? அதைக் கொழும்பில் கட்டலாமா?

பட்டத்தின் தலைப்பக்கம் வில் மாதிரி வளைத்த கோலில் ஒரு நார் இழுத்துக் கட்டுவோம். காற்று அந்த நாரைத் தொடும்போது அது படபடவென்று அதிர்ந்து ஒலிக்கும். அதுதான் விண். முன்பு பனை நார், இப்போது பலர் பாசல் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டியைச் சீவிப் பாவிக்கிறார்கள். பனை நாரின் குரல் கொஞ்சம் கரகரப்பு, பிளாஸ்டிக்கின் குரல் கூர்மை. எனக்குக் கரகரப்புத்தான் பிடிக்கும். ஆனால் நார் ஈரத்தில் தளர்ந்துவிடும், கொழும்பின் கடற்கரை ஈரத்தில் சொல்லவே வேண்டாம்.

நாரை இறுக்கினால் சுருதி ஏறும், அகலமாக்கினால் இறங்கும். காற்றுக் கூடினால் குரல் ஓங்கும், தளர்ந்தால் முனகும். மேலே காற்று எப்படி இருக்கிறது என்பதைக் கீழே நிற்கிறவர் காதாலேயே அறியலாம். ஒலிக் கலை செய்கிற இளையவர்கள் கணினியில் மினக்கெடுவதை விட்டு ஒரு தடவை இதைக் கட்டிப் பார்க்க வேண்டும். மலேசியாவின் வாவ் பட்டங்களிலும், பாலித் தீவின் பெரிய பட்டங்களிலும், கம்போடியாவின் பட்டங்களிலும் இதே போன்ற வில் உண்டு. கடல் வழியாக யார் யாரிடம் பழகினார்கள் என்று ஊகிக்க ஆசைதான். ஊகம் ஊகமாகவே இருக்கட்டும்.

விண் கட்டினால் தலை பாரமாகும். வாலை அதற்கேற்ப மாற்ற வேண்டும், முச்சையையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

கொழும்பில் பகலில் தாராளமாகக் கட்டலாம். ஊரில் செய்கிற மாதிரி இரவு முழுக்கப் பனையில் கட்டி விட்டுவிட்டுப் படுக்க முடியாது. பனைக்கு எங்கே போவது? அதோடு வெள்ளவத்தையில் ஒன்பதாம் மாடிக்காரர் அதைத் தாலாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பொங்கலுக்குக் கொழும்பிலும் ஒரு பட்டத் திருவிழா வைத்தால் என்ன?

வைக்கலாம், பட்டம்தான் ஏறாது. அந்த மாதங்களில் இங்கே பெருங்காற்று தரையிலிருந்து வருகிறது. நகரத்துக் கட்டடங்களில் முட்டி, உடைந்து, சுழன்றுதான் கடற்கரைக்கு வந்து சேரும். அந்தச் சுழலில் பட்டம் ஒருமுறை இழுக்கும், மறுகணம் செத்து விழும். பிற்பகலில் கடற்காற்றுக் கொஞ்சம் எழும்பும். அதை நம்பிச் சின்னப் பட்டங்களை ஏற்றலாம்.

வல்வெட்டித்துறைக்கு வடக்கே கடல், வாடை தடையில்லாமல் வந்து சேர்கிறது. கொழும்புக்கு மேற்கே கடல். நமக்கு நல்ல காற்று சோளகம், அதாவது தென்மேற்குக் காற்றுத்தான். தென்மேற்குப் பருவம் மே மாதம் தொடங்கினாலும் முதலில் மழை கொட்டித் தீர்க்கும். யூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் தொடக்கம் வரை காற்று நிதானமாக வீசும். ஓகஸ்ட் பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இதனால் கட்டுகிற விதமும் மாற வேண்டும். வாடைக்குப் பழகிய பெரிய, பாரமான, விண் பூட்டிய பட்டத்தை அப்படியே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து காலிமுகத்திடலில் விட்டால் சரிவராத நாள்தான் அதிகம். திடல் அகலமாகத் தெரிந்தாலும் நீளமான நூல் விடுகிற அளவுக்கு இடமில்லை, பின்னால் வீதி, அதற்குப் பின்னால் ஹோட்டல் கோபுரங்கள். இங்கே குறைந்த நூலில் நிலையாக நிற்கிற, அருகிலிருந்து பார்க்கத்தக்க பட்டம் வேண்டும். கொழும்புக்கென்று ஒரு பட்ட வடிவம் பிறக்குமென்றால் அது இந்த நெருக்கடியிலிருந்துதான் பிறக்கும். ஊர்ப் பட்டத்தின் நகலாக இருக்காது.

சரி, கொழும்பில் எங்கே ஏற்றுவது?

காலிமுகத்திடல்தான். ஆளுநர் ஹென்றி வோர்ட் காலத்தில், 1859இல் முடிக்கப்பட்ட நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆகட்டும் என்று தனக்குப் பின் வருகிறவர்களிடம் அதை ஒப்படைப்பதாக அங்கே ஒரு கல்வெட்டும் இருக்கிறது. வடக்கே 269 ஹெக்டேயர் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழுந்திருந்தாலும், தென்மேற்குத் திசை இன்னும் திறந்தே கிடக்கிறது. காற்றுக்கு அதுதான் முக்கியம். ஞாயிறு மாலை வேண்டாம், சனக்கூட்டம். வார நாள் காலை போங்கள்.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரையில் ரயில் பாதை கரையோடு ஒட்டிப் போகிறது. தண்டவாளத்துக்கு மேலாக நூல் போகும்படி நிற்கவே கூடாது. தெற்கே இரத்மலானை விமான நிலையம் இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பட்டமே வேண்டாம். மின்கம்பி அருகிலும் அப்படித்தான். கம்பியில் சிக்கிய பட்டத்தை விட்டுவிடுங்கள். ஈர நூல் மின்சாரத்தைக் கடத்தும், கடற்கரையில் நூல் எப்போதும் ஈரம்தான்.

இயற்கையிலிருந்து வடிவம் எடுப்பது என்றால் பறவையைச் செய்வதுதானே?

எல்லோரும் பறவையில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் பறவை இறக்கையடித்துப் பறக்கிறது, பட்டம் கட்டுண்டு நிற்கிறது. பட்டத்துக்கு நெருங்கிய சொந்தம் விதை என்பது என் கணிப்பு. காற்றை நம்பி, தசை ஏதும் இல்லாமல் பயணிக்கிற பொருள்.

கறுவாத்தோட்டப் பக்கம் நடந்தால் மஹோகனி மரத்தின் விதை காலடியில் கிடக்கும். ஒரு பக்கம் பாரமான பருப்பு, மறுபக்கம் நீண்ட மெல்லிய சிறகு. மேலே எறிந்தால் சுழன்றுகொண்டே இறங்கும். பாரம் எங்கே இருக்க வேண்டும், சிறகின் முன் விளிம்பு ஏன் தடிப்பாக இருக்க வேண்டும் என்பதை அந்தச் சின்னத் துண்டே கற்றுக்கொடுக்கும். தென்கிழக்காசியக் காடுகளில் அல்சோமித்ரா என்றொரு கொடியின் விதைக்குக் காகிதம் போன்ற இரண்டு அகன்ற சிறகுகள். அது சுழலாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஒஸ்ட்ரியாவின் இகோ எட்ரிக் தன்னுடைய ஆரம்பகால விமானச் சிறகுக்கு அதையே மாதிரியாக எடுத்தார்.

இலையும் அப்படித்தான். இந்தோனேசியாவின் மூனா தீவில் காட்டுக் கிழங்குக் கொடி ஒன்றின் காய்ந்த இலைகளை மூங்கில் ஈர்க்குகளால் தைத்துப் பட்டம் செய்கிறார்கள். தாளே இல்லை. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் நாணலும் மரப்பட்டையும் கொண்டு பறவை மனித உருவில் பட்டம் செய்தார்கள்.

கொழும்பைப் பாருங்கள். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் இது. பேரை வாவியில் கூழைக்கடா, விகாரமகாதேவிப் பூங்கா மரங்களில் பழந்தின்னி வெளவால், வானத்தில் செம்பிராந்து. ஊர் வெளவால் பட்டத்தை நகலெடுப்பதை விட, பூங்காவில் ஒரு மாலை நின்று அந்த வெளவால் சிறகை விரிக்கும்போது விரல் எலும்புகள் தோலை எப்படி இழுக்கின்றன என்று பாருங்கள். எலும்பு இருக்கிற இடத்தில் கோல், தோல் இருக்கிற இடத்தில் தாள். விரல்கள் மணிக்கட்டிலிருந்து விரிவதால் பாரம் நடுவுக்கு அருகில் நிற்கிறது, ஓரம் இலேசாக இருக்கிறது. இதைப் பார்த்துக் கட்டியது வெளவால் போல் தெரியாவிட்டாலும் வெளவாலிடம் படித்ததாக இருக்கும்.

என்ன சாமான் வேண்டும்? எங்கே கிடைக்கும்?

கோலுக்கு மூங்கில். முற்றிய, மூன்று வயது தாண்டிய மூங்கில் வேண்டும். பச்சை மூங்கில் காய்ந்ததும் வளைந்துவிடும். சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் மாச்சத்துக் கரைந்து போகும், உளுப்பதும் குறையும். பிளக்கும்போது பலமெல்லாம் வெளித்தோலில்தான் இருக்கிறது, ஆகவே உட்பக்கத்தை மட்டும் சீவுங்கள். வளைக்க மெழுகுதிரிச் சுவாலை போதும், அவசரப்பட்டால் கரியும். கமுகஞ் சிலாகை கிடைத்தால் விண்ணுக்கு அதை விட நல்லது இல்லை, வில்லாக வளைந்து நிமிரும். சின்னப் பட்டத்துக்குத் தென்னை ஈர்க்கு போதும்.

தாளுக்குப் புறக்கோட்டை. குறுக்குத் தெருக்களில் கடதாசி விற்கிற கடைகளில் கட்டுக் கட்டாக வாங்கலாம். கடையில் வெயிலில் கிடந்த மேல் தாளை எடுக்காதீர்கள். பசைக்குக் கோதுமை மாவைக் காய்ச்சுங்கள். புட்டிப் பசையை விட இலேசு, பிறகு நனைத்துப் பிரித்துத் திருத்தவும் முடியும்.

மழைக் காற்றில் ஏற்ற வேண்டுமென்றால் கப்பற்பாய்க்குப் பாவிக்கும் மெல்லிய நைலோன் துணி உண்டு, சதுர மீட்டருக்கு 40 கிராம் அளவில். உறுதிதான். ஆனால் தாளின் சரசரப்பு அதில் வராது. மஞ்சள், பீட்ரூட் போன்ற சாயங்களைப் பலர் கேட்கிறார்கள். மஞ்சள் கண்ணுக்குக் குளிர்ச்சி, வெயில் பட்டால் வெளிறும். வெளிறுவதையே வேலையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

முச்சை சரியாக விழுவதே இல்லை. என்ன செய்ய?

முச்சை என்பது பட்டத்தின் உடம்பில் கட்டி, பறக்கவிடும் நூலோடு சேர்கிற அந்த இரண்டு மூன்று நூல்கள். பட்டம் காற்றுக்கு எந்தச் சரிவில் முகம் காட்டும் என்று தீர்மானிப்பது அதுதான். சேர்கிற முடிச்சைத் தலைப்பக்கம் நகர்த்தினால் பட்டம் படுத்து நிற்கும், இழுவை குறையும். பலத்த காற்றுக்கு அது நல்லது. வால்பக்கம் நகர்த்தினால் நிமிர்ந்து நின்று காற்றை அதிகம் வாங்கும், இழுக்கும், கூடிப்போனால் ஏறவே மாட்டாது. நகர்த்துவது ஒரு விரல் அகலத்துக்குள்தான் இருக்க வேண்டும். அவசரக்காரர்கள் ஒரேயடியாக நான்கு விரல் நகர்த்திவிட்டுப் பட்டத்தைத் திட்டுவார்கள்.

ஒரு பக்கமாகச் சுற்றிக் குத்தினால் முச்சையைத் தொடாதீர்கள். முதலில் நடுக்கோலை விரலில் தாங்கி, இரண்டு பக்கமும் சமமா என்று பாருங்கள். பெரும்பாலும் குறுக்குக் கோலில் ஒரு பக்கம் விறைப்பாக இருக்கும். விறைப்பான பக்கத்தைச் சீவினால் சரி.

பெரிதாக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்கு, கோலின் பாரமோ எட்டு மடங்கு. ஆகவே பெரிய பட்டம் என்பது சின்னப் பட்டத்தின் பெருப்பித்த படம் அல்ல, அதை முதலிலிருந்து யோசித்துக் கட்ட வேண்டும்.

ஏறாத பட்டம் கலை ஆகாதா? கண்காட்சியில் தொங்கவிடுகிறார்களே.

இதில் நான் பிடிவாதக்காரன் என்று பெயர். அமெரிக்கக் கலைஞர் ஜேக்கப் ஹஷிமோட்டோ மூங்கிலும் தாளும் கொண்ட ஆயிரக்கணக்கான சின்னப் பட்டங்களை நூலில் கோர்த்து அறை முழுக்கத் தொங்கவிடுகிறார். மேகத்துக்குள் நடக்கிற மாதிரி. அழகுதான், மறுக்கவில்லை. குவாத்தமாலாவில் சும்பாங்கோ, சந்தியாகோ சகதேபேக்கஸ் ஊர்களில் நவம்பர் 1ஆம் திகதி, இறந்தவர்களை நினைத்து எழுப்புகிற இராட்சத வட்டப் பட்டங்களில் மிகப் பெரியவை பறப்பதே இல்லை. நிமிர்த்தி நிறுத்துவதோடு சரி. அந்தக் கட்டும் கலையை 2024இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அவற்றைப் பட்டம் இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

ஆனாலும், அந்தப் பெரிய வட்டங்களுக்குப் பக்கத்தில் சின்னவை பறந்துகொண்டிருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. பறக்கத் தெரிந்த ஊர் பறக்காத பட்டம் செய்வது வேறு. ஒருமுறையும் காற்றைப் பார்க்காதவர் பட்ட வடிவத்தை அலங்காரமாக எடுப்பது வேறு. என்னிடம் பழக வருகிறவர்களிடம் நான் வைக்கிற நிபந்தனை ஒன்றே: சுவரில் மாட்டுவதற்கு முன் ஒருதரமாவது ஏற்ற வேண்டும். கிழிந்தால் ஒட்டுப்போட்டு மாட்டுங்கள், ஒட்டும் அழகுதான்.

கைவினைஞர் கட்ட, கலைஞர் பெயர் போடுவது நியாயமா?

சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2014இல் அல்கட்ராஸ் சிறைத் தீவில் வைத்த பெரிய டிராகன் பட்டத்தைக் கட்டியவர்கள் சீனத்துப் பட்டக் கைவினைஞர்கள். சிறைக்குள் பட்டம், நல்ல எண்ணம். எண்ணம் அவருடையது, கை அவர்களுடையது. இரண்டு பெயரும் சுவரில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கொழும்பில் வடக்கிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக் கட்டுவித்து, அழைப்பிதழில் 'உதவி' என்று சின்ன எழுத்தில் போடுகிற பழக்கம் ஒழிய வேண்டும்.

மாஞ்சா நூல்?

வேண்டாம். கழுத்தையும் பறவையின் சிறகையும் அறுக்கும். எங்கள் பக்கத்துப் போட்டி பட்டத்தின் அழகுக்கும் புதுமைக்குமான போட்டி, அறுப்பது அதன் மையம் அல்ல. சாதாரண நூலையும் மரத்தில் விட்டுவிட்டு வராதீர்கள், வெளவால் மாட்டும்.

பட்டம் ஆளைத் தூக்குமா?

தூக்கும். 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டம் ஏற்றிய குழுவில் மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த ஒருவர் கயிற்றோடு மேலே போன காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உயிர் தப்பினார். பெரிய பட்டத்தின் கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். தரையில் அடித்த முளையில் ஒரு சுற்றுப் போட்டு விடுங்கள், கையுறை போடுங்கள், விடச் சொன்னால் எல்லோரும் ஒன்றாக விடுங்கள்.

வாங்கி வீட்டில் மாட்டினால் எவ்வளவு காலம் இருக்கும்?

கடலோர வீட்டில் தாளுக்கு மூன்று எதிரிகள்: உப்பு ஈரம், வெயில், மின்விசிறி. யன்னலுக்கு எதிர்ச் சுவரில், விசிறிக் காற்றுப் படாமல் மாட்டுங்கள். கோலின் அடியில் மாத்தூள் போலக் கொட்டியிருந்தால் உளு விழுந்துவிட்டது என்று அர்த்தம். கொண்டுவாருங்கள், கோலை மாற்றித் தருகிறேன். நிறம் மங்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

வேலையை எங்கே காட்டுவது?

1993இலிருந்து நடக்கிற கலா பொல, விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டிய ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், மர நிழலில் திறந்தவெளியில் நடப்பதால் பட்டத்துக்கு ஏற்ற சந்தை. மாட்டக் கிளை இருக்கும், காற்றும் கொஞ்சம் இருக்கும். காட்சிக்கூடத்தில் என்றால் மேலிருந்து அடிக்கிற ஒற்றை விளக்கை நம்பாதீர்கள், தாளுக்குப் பின்னால் விளக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் கம்பனிப் பெயரைப் போட்டு நூறு பட்டம் கட்டித் தருவீர்களா?

மாட்டேன்.

பிள்ளையோடு இந்தச் சனிக்கிழமை தொடங்க வேண்டும். சுலபமான வழி சொல்லுங்கள்.

இரண்டு ஈர்க்குப் போதும். நீளமானது நடுக்கோல், மற்றது குறுக்குக்கோல், மேலிருந்து கால்வாசித் தூரத்தில் குறுக்காகக் கட்டுங்கள். நான்கு முனையையும் நூலால் சுற்றிக் கட்டி, ரிசுப் பேப்பரை அந்த நூலின் மேல் மடித்து ஒட்டுங்கள். குறுக்குக்கோலைப் பின்பக்கம் கொஞ்சம் வில்லாக வளைத்து நூல் கட்டினால் நிலை வரும். நிறத்தைப் பிள்ளை தெரிவுசெய்யட்டும், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். பழைய சேலைக் கரையில் வால், பட்டத்தின் நீளத்தைப் போல ஐந்தாறு மடங்கு.

காலையில் போங்கள். ஒருவர் பட்டத்தைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் இருபது அடி தள்ளி நின்று நூலை இழுக்கட்டும். ஓட வேண்டாம், ஓடி ஏற்றுவது சினிமாவில்தான். ஆடினால் வாலைக் கூட்டுங்கள், எழும்பத் தயங்கினால் குறையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அன்று காற்று இல்லை. இறால் வடை விற்கிற வண்டி அந்த ஓரத்தில் நிற்கும்.